செயின் வண்டி

“டயர் வண்டியே போதும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?” என்றாள் மனைவி.

“டயர் வண்டி மண்ணைச் சுரண்டும். செயின் வண்டிதான்டி பாறையையே பேர்க்கும்” என்றான் அவன்.

விற்றவரின் லாரி நேற்று இறக்கிவிட்டுப் போன புது பொக்லைன் மெஷின், வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. முதல் வேலையும் கிடைத்துவிட்டது. ஒருவர் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்ட வேண்டும். நாளைக் காலை ஆறு மணிக்கு மெஷின் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆனால் இரும்புச் செயின் தார்ச்சாலையில் ஓடக் கூடாது. டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஊரிலேயே டிரெய்லர் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். போன மாதம் வரை அவன் யாருடைய மெஷினை ஓட்டினானோ, அந்த முதலாளி. “இனி உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

வேறு வழியில்லாமல் போன் போட்டான்.

“அதுக்கென்னப்பா, கோபத்துல ஆயிரம் பேசுவோம்” என்று முதலாளி உருகினார். “எந்தத் தெரு? யார் வீடு? எத்தனை அடி ஆழம்?”

எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

மறுநாள் காலை ஆறு மணி ஆயிற்று, ஏழும் ஆயிற்று. டிரெய்லர் வரவில்லை. முதலாளி போனை எடுக்கவில்லை. ஏழரைக்குத் தொட்டிக்காரரே கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

“தம்பி, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க! டாண்ணு ஆறு மணிக்கு வந்து பாதிக் குழி தோண்டியாச்சு. ஆனா புது மெஷின்னுதானே சொன்னீங்க? இது பெயின்ட் எல்லாம் உரிஞ்சு கிடக்கே?”

“யாருங்க போன்ல?” என்றாள் மனைவி.

“மெஷின் போய்ச் சேர்ந்துருச்சாம்” என்றான், வாசலில் நின்ற மெஷினைப் பார்த்தபடி.