மேலே ஒட்டிய லேபிள்

அப்பாவின் பழைய வயலினை விற்றே தீர வேண்டும் என்று பிராங்க் ஒற்றைக் காலில் நின்றான். அதைச் சர்ச்சில் வாசிக்கும் தங்கை ஜாஸ்லின் மறுபேச்சில்லாமல் கூடவே வந்தாள்.

சேக்காட்டில் வயலின் ரிப்பேர் பார்க்கும் ரூபஸ், வயலினின் துளைக்குள் டார்ச் அடித்து, உள்ளே ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“இத்தாலி, 1721னு போட்டுகீது. ஆனா பேப்பர் புத்தம் புது ஜெராக்ஸ் பேப்பர். டூப்ளிகேட்டுப்பா!”

“மரம் பழசா கீதே, அண்ணே?” என்றான் பிராங்க்.

“லேபிளே பொய்யின்னா மரத்த இன்னாத்துக்குப் பாக்கணும்?”

பிராங்க் எரிச்சலோடு வயலினைத் தங்கையிடம் தள்ளினான். “நீயே வச்சிக்க. இனிமே நான் கேக்கவே மாட்டேன்.”

வீட்டுக்கு வந்த ஜாஸ்லின், துளைக்குள் இடுக்கியை விட்டு, முந்தின நாள் தன் கையாலேயே ஒட்டிய லேபிளை மெதுவாக உரித்தெடுத்தாள்.

அடியில் பழுப்பேறிய அசல் லேபிள் இருந்தது. அதிலும் அதே இத்தாலி, அதே 1721.