வாயிற்காவலன்

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே அவள் செல்போனைப் பார்த்தாள். 'நாளைக்குக் காலைல பதினொரு மணி. பஸ் ஸ்டாண்டு, நாலாவது பிளாட்பாரம். ஒரு பை போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன்.'

படித்து முடிக்கவில்லை, கதவு தடதடத்தது.

"பாப்பா! எவ்வளவு நேரம் உள்ளே?"

"இதோ வந்துட்டேன்ப்பா!"

அவசரமாகச் செய்தியை அழித்தாள். ஒவ்வொன்றையும் படித்தவுடன் அழித்துவிடு என்று சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

எல்லாம் மூன்று புத்தகங்களில் தொடங்கியது. 'சாம்பல் சுவர்' நாவல், மூன்று பாகம். அதில் வரும் நாட்டில் தெருவில் இறங்கக்கூட அனுமதிச் சீட்டு வேண்டும். பதினெட்டு வயதானால் யாரோடு வாழ வேண்டும் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிடும். கதாநாயகி சுவருக்கு இந்தப் பக்கம், காவலுக்கு நிற்கும் இளைஞன் அந்தப் பக்கம். முகம் பார்க்காமல், குரல் கேட்காமல், செங்கல் இடுக்கில் சீட்டு எழுதிச் செருகியே இரண்டு வருடம் காதலிக்கிறார்கள்.

இவளுக்கும் பதினெட்டு. பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண். வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்து, விடுதி விண்ணப்பத்தை அப்பாவிடம் நீட்டியபோது அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"உன்னை நம்பி அனுப்பலாமான்னு முதல்ல பார்க்கணும்."

அம்மா துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

அன்றைக்கு நாலாவது தடவையாக முதல் பாகத்தை எடுத்தாள். அந்தப் பயங்கரமான நாடு அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அங்கே அடைத்துவைக்கிறவனுக்குச் சீருடை இருந்தது, வெறுக்கலாம், எதிர்த்து ஓடலாம். இங்கே அடைத்துவைக்கிறவர், காய்ச்சல் வந்தால் விடிய விடிய உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி போடுகிறார்.

அந்தப் புத்தகங்களைப் படிப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. 'என் சுவர்கிட்ட யாரும் வரப்போறதில்லை' என்று ஒருநாள் அதில் எழுதினாள். மறுவாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவன் தனியாகப் பதில் அனுப்பினான். பெயர் வாயிற்காவலன்.

'எந்தப் பக்கம் நிக்கறீங்க?'

மூன்று பாகமும் அவனுக்குப் பக்க எண்ணோடு மனப்பாடம். அவள் போட்டோ கேட்டாள். 'அவங்க ரெண்டு பேரும் முகம் பார்த்தா பழகினாங்க?' என்றான். போனில் பேசலாமா என்றாள். 'முதல் வார்த்தையை நேர்லதான் பேசுவேன்' என்றான். அதைப் படித்துவிட்டுத் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொன்ன செய்தி வந்த அன்று ராத்திரி, சாப்பிடும்போது அப்பா நல்ல குஷியில் இருந்தார். அவர் மருந்துக் கடைகளைச் சோதனை போடும் அதிகாரி.

"இன்னிக்கு ஒருத்தன் மாட்டினான். தூக்கமே வரலைங்கன்னு சும்மா போய் நின்னேன். டாக்டர் சீட்டுகூடக் கேக்கலை, மாத்திரையை எடுத்து நீட்டிட்டான். அப்புறம் கால்ல விழறான்!"

"பாவம்ப்பா."

"என்ன பாவம்? அவன் கையைப் பிடிச்சா எடுக்க வச்சேன்? கேட்டேன், கொடுத்தான்."

அவள் தட்டில் சோற்றை அளைந்தாள். அவன் மட்டும் இவர் கையில் சிக்கினால் என்ன ஆவான்?

மறுநாள் ஒன்பது மணிக்கு அப்பா வேலைக்குக் கிளம்பிப் போனார். பத்து மணிக்கு அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"ஸ்கூல்ல சர்ட்டிபிகேட் வாங்கணும்மா."

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "இன்னிக்கே போகணுமா? நாளைக்குப் போயேன் பாப்பா."

"இன்னிக்குத்தான்மா கடைசி நாள்."

அம்மாவின் உதடு அசைந்தது. அப்புறம் குனிந்துகொண்டு மறுபடி நறுக்கத் தொடங்கினாள். "பார்த்துப் போ" என்றாள், வெங்காயத்திடம் சொல்வதுபோல.

பஸ் ஸ்டாண்டில் நாலாவது பிளாட்பாரம். பைக்குள் இரண்டு செட் துணி, மதிப்பெண் பட்டியல், மூன்றாம் பாகம். சாம்பல் நிறச் சட்டையில் வருவதாகச் சொல்லியிருந்தான். போகிற வருகிற சாம்பல் சட்டையை எல்லாம் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கழுத்து வலித்தது. ஒருவர் கிழவர். ஒருவன் கைக்குழந்தையோடு போனான்.

பதினொன்று ஐந்து. கடிகாரத்துக்குக் கீழே ஒரு வெள்ளைச் சட்டை.

அப்பா.

யாரிடமும் விசாரிக்காமல், அக்கம்பக்கம் பார்க்காமல், நேராக அவளை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார்.

பக்கத்தில் ஒரு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. "ஏறும்மா, ஏறு!" என்று கண்டக்டர் கத்தினார். ஒரே தாவலில் ஏறிவிடலாம். ஆனால் அவள் ஏறிப் போய்விட்டால், தேடிக்கொண்டு வருகிறவன் நேராக அப்பா கையில்தான் விழுவான்.

அவள் ஏறவில்லை. தூணுக்குப் பின்னால் திரும்பி நின்று, செல்போனில் தட்டினாள்.

'எங்கப்பா வந்துட்டாரு. நீ கிட்ட வராதே, ஓடிடு. அடியோ உதையோ நான் வாங்கிக்கறேன். நீ நல்லா இருந்தா போதும்.'

அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது.

நாலடி தூரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தாள். அப்பா பேண்ட் பாக்கெட்டிலிருந்து, அவள் அதுவரை பார்த்தே இராத ஒரு சின்ன செல்போனை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாகக் கடைசி எழுத்துவரை படித்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓடலைம்மா. இங்கேதான் நிக்கறேன்."