கறுத்த திரைக்கு முன்னால்

நாகர்கோவிலில் ஜெனிட்டாவுக்கு எதிர்பார்த்ததற்கு முன்பே வலி கண்டுவிட்டது. தூத்துக்குடியில் இருந்த அவள் கணவன் ரஞ்சனுக்கும் அவளைப் போலவே காது கேட்காது. இருவருக்கும் பேச்செல்லாம் கைகளால்தான். பிரசவ அறையில் நர்ஸ் அவள் எதிரே கைபேசியை நிறுத்திவைக்க, இவன் மடிக்கணினியில் வீடியோ அழைப்பு வழியே தைரியம் சொல்லிக்கொண்டிருந்தான். திடீரென்று திரை கறுத்தது.

காலையில் மடிக்கணினியின் லினக்ஸை அப்டேட் செய்தபோது ஏறிய, திரையில் படம் காட்டும் புது கிராபிக்ஸ் டிரைவரின் வேலை என்று உடனே புரிந்தது. மடிக்கணினியை அணைத்துப் போட்டு, அப்டேட்டுக்கு முந்தைய பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் படம் வந்துவிடும். ஆனால் அழைப்பு அறுந்துபோகும். மறுபடி எடுத்துக் கொடுக்க அங்கே யாருக்கு நேரம்? கேமராவின் சிறு விளக்கு இன்னும் எரிந்தது. அப்படியானால் அவளுக்கு இவன் தெரிகிறான்.

பொத்தான்வரை போன விரலை இழுத்துக்கொண்டான். ‘மூச்சை விடு. நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று கறுப்பைப் பார்த்துக் கைகளால் சொன்னான். திரும்பத் திரும்பச் சொன்னான். இருப்புக்கொள்ளாமல் எழுந்தான்; அவள் பார்வையிலிருந்து விலகிவிடுவோமோ என்று பதறி உட்கார்ந்தான்.

மடிக்கணினியிலிருந்து வந்த அலறலைக் கேட்டு அடுத்த வீட்டு பிளசி அக்கா ஓடிவந்தாள். வந்தவள் சட்டென்று நின்றாள்.

“பிள்ள அழுவுது, ரஞ்சன்! பிள்ள அழுவுது!”

அவள் உதடுகளைப் படித்தான். அவள் கைகள் தொட்டில்போல் ஆடின.

‘ஜெனிட்டா?’ என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான்.

அக்கா குனிந்து மடிக்கணினியில் காதைக் கொடுத்தாள். அவன் கைகள் கேமராவுக்கு முன்னால் ஓயவில்லை.