உப்பளம் தெரியாத படம்

கிளாட்வின் உப்பளத்தைப் படமெடுக்க வந்தவன். அங்கே உப்பு வாரும் மாரிக்கனி, மதியச் சோற்று நேரத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"மாப்பிள்ள வீட்டுக்கு அனுப்ப ஒரு போட்டோ வேணும்ண்ணே. ஆனா உப்பளம்னு தெரியக் கூடாது."

அதற்குத் தோதான லென்ஸ்தான் அவனிடம் இருந்தது. முழுதாகத் திறந்தால் முகம் மட்டும் துலங்கும், பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். ஆனால் உச்சி வெயிலில், உப்புக்கு நடுவில், அப்படித் திறந்தால் படம் வெறும் வெள்ளையாகிவிடும். முன்னால் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் ஒன்றை மாட்டியாக வேண்டும். பையில் மூன்று இருந்தன. வெளிறிய ஃபில்டரில் அவள் நெற்றி வெளுத்துப்போனது. மிகக் கறுப்பானதில் ஷட்டர் மெதுவாகி, முகமே கலங்கியது. நடுத்தரமானதைத் திருகி எடுத்த படம் சரியாக விழுந்தது. உப்புக் குவியல்கள் மேகங்களாகியிருந்தன.

"ஊட்டி மாதிரில்லா இருக்கு!" என்று சிரித்தாள் மாரிக்கனி.

அதுவரை மகளுக்குப் பின்னால், சோற்றுக்கு முந்தைய கடைசி நடை உப்பைச் சுமந்துகொண்டிருந்த அவள் அம்மா, கூடையை இறக்கிவிட்டு வந்து கேமராத் திரையைப் பார்த்தாள். மகளின் தோளுக்குப் பின்னால், வெள்ளையில் ஒரு சிவப்புத் திட்டு.

"ஏளா, செவப்பா இது என்னது?"

மாரிக்கனி அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, "ஒண்ணுமில்லம்மா, அழுக்கா இருக்கும்" என்றாள்.

அம்மா தன் சிவப்புச் சேலையின் முந்தானையை எடுத்துத் திரையை அழுத்தித் துடைத்தாள். திட்டு போகவில்லை.