மேல்தளத்து ஈய ஆள்

குளத்து நீரில் காலை வெயில் கண்ணைக் கூசுகிறது. வெல்டரும் அவர் மச்சானும் வருடக்கணக்காகச் சேர்ந்து கட்டிய மாதிரிப் பயணிகள் கப்பல், கை நீளமே உள்ளது, முதன்முதலாக மிதக்கிறது. ரிமோட் மட்டும் மச்சானுடைய மேனேஜர் கையில் இருக்கிறது. "எல்லாம் சாரோட ஐடியாதான்" என்று மச்சான் வாயெல்லாம் பல்லாகக் கூட்டத்திடம் சொல்கிறான். வெல்டரின் கண் மேல்தளத்து வலப்பக்கக் கம்பிக்குப் போகிறது. நேற்றுவரை அங்கே சுண்டுவிரல் உயரத்தில் இரண்டு பொம்மைகள், மச்சானும் அவருமாகத் தோள் உரச நின்றிருந்தன. இன்று அவர் இடத்தில் கோட்டு போட்ட பிளாஸ்டிக் மேனேஜர் சிரிக்கிறார். காலடியில் பசை இன்னும் பளபளக்கிறது. கப்பல் எப்போதும் இடப்பக்கமே சாய்ந்ததால், அதைச் சரிக்கட்டத்தான் தன் பொம்மையை மட்டும் வெல்டர் ஈயத்தில் வார்த்திருந்தார். அதை மச்சானிடம் சொல்லிக்காட்டத் தோன்றியதே இல்லை. நடுக்குளத்தில் கப்பல் திரும்புகிறது, இடப்பக்கம் சரிகிறது, வரிசைச் சன்னல்களைத் தண்ணீர் தொடுகிறது. கைதட்டல் அப்படியே நின்றுபோகிறது. "மச்சான், ஏன் இப்படிச் சாயுது? சீக்கிரம் சொல்லு மச்சான்!" என்று அவன் பதறுகிறான். வெல்டர் கையைக் கட்டிக்கொள்கிறார்.

"என்னை ஏன் கேக்குற? சாரைக் கேளு."