காத்திருக்கும் நபர்

"வேற யார் பேரையாவது போட்டுக்கங்கப்பா. என் பேரு வேணாம்."

யுன்-ரு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். காலைச் சிற்றுண்டிக் கடையை மதியமே சாத்தியாயிற்று. முட்டை அடை சுட்ட இரும்புக் கல்லைப் பரக் பரக்கென்று சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா சிங்-ஹாய் லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தைவானிலேயே உயரமான யூஷான் மலைக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பம். மேலே குடிலில் இருப்பது நூற்றுச் சொச்சம் படுக்கைகள், கேட்பவர்களோ ஆயிரக்கணக்கில். குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் ஏற முடியும். அந்தக் குலுக்கலில் சேர இன்று மாலை ஐந்து மணி வரைதான் கெடு. இரண்டு கட்டங்கள் இன்னும் காலி. ஒன்று, எந்த வழி என்பது. இன்னொன்று, 'காத்திருக்கும் நபர்'.

கூடவே ஏறாமல் கீழே இருப்பவர். சொன்ன நேரத்துக்குப் போன் வராவிட்டால் மீட்புப் படைக்குச் சொல்ல வேண்டியவர். அந்தப் பெயர் இல்லாமல் விண்ணப்பம் நகராது.

"உங்க கூடக் கப்பல்ல இருந்தாரே, குன் மாமா. அவரைப் போடுங்க."

"அவனா? ராத்திரி பல்லைக் கழட்டி வெச்சா காதும் சேர்ந்து கழண்டுக்கும். போன் அடிச்சா பக்கத்து வீட்டுக்காரன் வந்துதான் எழுப்பணும்."

முன்பெல்லாம் இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது கல் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று வருடங்களுக்கு முன் அவர் மகன் போ-ஹான் யூஷானில் தனியாக ஏறினான். சரிவில் விழுந்து கால் உடைந்தது. ஒரு ராத்திரி முழுக்க உயிரோடு கிடந்திருக்கிறான். மீட்புப் படை போய்ச் சேர்ந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. அப்போது சிங்-ஹாய் சூரை மீன் கப்பலில் எங்கோ நடுக்கடலில். கவ்ஷியுங் துறைமுகத்தில் அவர் இறங்கியபோது எல்லாம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. போலீஸ், ஆஸ்பத்திரி, அஸ்தி, எல்லாவற்றையும் யுன்-ருதான் ஒற்றை ஆளாகப் பார்த்தாள்.

ஒன்றை மட்டும் அவள் செய்யவில்லை. விழுந்த இடத்துக்கு ரத்த சொந்தம் ஒருவர் போய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆவியை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். இல்லாவிட்டால் அது அங்கேயே கிடந்து குளிரில் நடுங்கும். பூசாரி எவ்வளவோ சொல்லியும் அவள் போகவில்லை. "நான் கூப்பிட்டா அவன் வரமாட்டான்" என்று சொல்லிவிட்டாளாம். அதைச் சிங்-ஹாய் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவளைவிடவும் மன்னிக்க முடியாத ஒரு ஆள் உண்டு: அன்று போ-ஹானுக்காகக் கீழே காத்திருந்தவன், யாரோ சிநேகிதன் என்று மட்டும் யுன்-ரு சொல்லியிருந்தவன்.

"ஆறு மணிக்குப் போன் வரல. ஒரு நம்பரை அழுத்தணும், அவ்வளவுதான். அந்தத் தடியன் காலையில எட்டு மணிக்குச் சொல்லியிருக்கான். ராத்திரி பூரா குறட்டை விட்டுட்டு. அவன் பேரு, ஊரு எதுவுமே உனக்குத் தெரியாதுங்கற. எந்த ஊர்ல மலையேறுற சிநேகிதன் பேர் இல்லாம இருப்பான்?"

கல் சுரண்டும் சத்தம் நின்றது.

"அதுக்கு முந்தின தடவை, அரை மணி லேட்டுன்னு மீட்புப் படையைக் கூப்பிட்டாச்சுப்பா. நம்ம போ-ஹான் அடிவாரத்துல உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுட்டிருந்தான். போன்ல சார்ஜ் இல்ல. மாசக்கணக்கா எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. இனிமே இப்படி மானத்தை வாங்காதேன்னு இவனே சண்டை போட்டான். அதான் பொறுத்துப் பார்த்திருப்பாங்க."

"அவனுக்கு வக்காலத்து வாங்காத."

அவள் ஈரத்துணியால் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"உங்க முட்டி மாடிப்படிக்கே தாங்கறதில்ல. நீங்க திரும்பி வர்ற எண்ணத்துல போகல. எனக்குத் தெரியும். அதான் என் பேரு வேணாங்கறேன்."

சிங்-ஹாய் இல்லை என்று சொல்லவில்லை. போ-ஹான் தினமும் கனவில் வந்தான். பேசுவதில்லை, உள்ளங்கைகளைத் தேய்த்து ஊதிக்கொண்டே இருந்தான்.

மணி மூன்றே முக்கால். வழியையாவது எழுதிவிடலாம் என்று பார்த்தால் அதுவும் தெரியவில்லை. அவன் போன வழியிலேயே போக வேண்டும். மகளைக் கேட்டார். மறந்துவிட்டது என்றாள்.

சட்டென்று நினைவு வந்தது. மலையேறுபவர்கள் அனுமதிச் சீட்டை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோவார்கள். போ-ஹானின் பை கடைப் பரணில்தான் கிடந்தது. போலீஸ் கொடுத்த அன்று கறுப்பு உறையில் சுற்றி அவள் ஏற்றி வைத்தது. யாரும் பிரித்ததில்லை.

சிங்-ஹாய் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார்.

"அதைத் தொடாதீங்கப்பா. வாரெல்லாம் அறுந்து கிடக்கு. வேற பை வாங்கிக்கலாம்."

கேட்காதது போல இறக்கினார். பையிலிருந்து பழைய மழையின் வாடை வந்தது. மேல்மூடிப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள், சீட்டு ஒரு எழுத்துக்கூடக் கலையாமல் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார். பெயர், போ-ஹான். முதல் நாள் குடில். இரண்டாம் நாள் தெற்கு முகடு. இறங்கியதும் போன் செய்ய வேண்டிய நேரம், மாலை ஆறு.

அடுத்த வரியில் அவர் குரல் நின்றுபோனது.

காத்திருக்கும் நபர்: லியாவ் யுன்-ரு. உறவு: அக்கா.

"நான் தூங்கலப்பா" என்றாள் அவள், முதுகைத் திருப்பியபடியே. "விடியட்டும்னு போனைக் கையில வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்."