நீதிபதி தலையசைக்கிறார்

சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் ஓய்வுபெற்ற நீதிபதி பழைய விறைப்பு குலையாமல் அமர்ந்திருக்கிறார். இரண்டு காதிலும் புதிய காது கேட்கும் கருவிகள் மினுங்குகின்றன, உயிர்தான் இல்லை. ராத்திரி அவற்றின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் தன் போனைச் செருகிய மாப்பிள்ளை தேநீரை ஊதிக்கொண்டிருக்கிறார். "வீட்டை வித்துடலாம்ப்பா. நீயும் அம்மாவும் முதியோர் இல்லத்துக்குப் போயிடுங்க, சரிதானே?" என்கிறாள் மகள். எல்லா முகமும் தன் பக்கம் திரும்பியதும், தீர்ப்புச் சொல்லும் நேரம் வந்துவிட்டதென்று அவருக்குப் புரிகிறது. கண்ணை மூடிக் கம்பீரமாகத் தலையசைக்கிறார். "ஐயோ, அவருக்கு ஒண்ணும் கேக்கலடி!" என்று பதறி, மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுக்கிறாள். அவள் வாயசைவை மட்டும் கண்டு, அவர் விரலை உயர்த்தி அதட்டுகிறார்: "குறுக்கே பேசாதே! எல்லாத்தையும் கேட்டுட்டுதான் தலையாட்டினேன்." மகள் அம்மாவைப் பார்க்காமல் நிம்மதியாக மூச்சு விடுகிறாள். மனைவியின் கை இன்னும் அந்தச் சட்டையை விடவில்லை.